ஏட்டின் மதிப்பு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாறு தழுவிய கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பொருளைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. கவிஞர்கள் மிகுதியாகக் கூடும் நம் அமர்வுகளில் ஒரு வினா அவ்வப்போது தலைகாட்டுகிறது. யாரும் விலை கொடுத்து வாங்காத ஒன்றை நாம் விடாமல் செய்துகொண்டிருக்கிறோமே, இதற்கு மதிப்புத்தான் என்ன என்பதே அவ்வினா. நேர்விடை என்னிடம் இல்லை. எனினும், ஒரு பொருளும், அதனை ஆக்கும் திறனும், அதனைப் பயின்ற பட்டறிவும் நூறாண்டுக்குள் மதிப்பிழந்தும் மதிப்புப் பெற்றும் மாறி மாறி வந்த வரலாறு ஒன்று நம் மொழியிலேயே உண்டு. அது பனையோலைச் சுவடியின் வரலாறு. அவ்வரலாற்றில் எனக்கும் சிறிய பங்கு ஒன்று உண்டு; பெருமைக்குரிய பங்கு அன்று.

காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் இருந்தது என் பாட்டியின் வீடு. கூடத்துப் பரணில், மஞ்சள் துணியில் சுற்றிய ஏட்டுக்கட்டு ஒன்று இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, சரசுவதி பூசையன்று, பாட்டி அதனை இறக்கித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் படையலின் நடுவே வைப்பார். மறுநாள் அது மீண்டும் பரணேறிவிடும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிறுமியாக இருந்தபோது கேட்டேன். "பெரியவங்க எழுதினது, கண்ணு" என்பதே விடை. வீட்டில் ஒருவருக்கும் அதனைப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் அதைவிட உயர்ந்த பொருள் வேறொன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஓர் ஏடு உருவாவதற்கு எத்தனை கைகள் வேண்டியிருந்தன என்பதை இன்றைய இளைய கவிஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைக்கலாம். முற்றலும் இளசும் அல்லாத குருத்தோலையைப் பக்குவமறிந்து வெட்ட வேண்டும். ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்ற வேண்டும். பிறகு ஓரளவாக நறுக்கித் துளையிட வேண்டும். ஒரு துளையில் நாராசம் என்னும் குச்சியும் மற்றொன்றில் கயிறும் செல்லும். மேலும் கீழும் மரச்சட்டம் காக்கும். எழுதுபவர் இடக்கையில் ஓலையைப் பற்றி, அக்கையின் பெருவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் எழுத்தாணியைத் தாங்கி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதுவார். எழுதி முடித்த ஏட்டில் எழுத்து கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக்கரியும் மஞ்சளும் கோவையிலைச் சாறும் போன்றவற்றைக் கலந்து தடவிய பின்னரே கீறல்கள் கருத்தெழுந்து எழுத்தாகும். இதனை மையாடல் என்பர். புதுச்சுவடி பெற்ற மாணவனுக்கு அது ஒரு விழா.

இத்துணை உழைப்பும் நிலையானதன்று. நன்கு பேணினால் ஓர் ஏடு இருநூறு முந்நூறு ஆண்டுகள் நிற்கும். பேணாவிடில் நம் தட்பவெப்பத்தில் அதனினும் விரைவில் இற்றுவிடும். ஆகவே, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுதல் என்னும் தொழில் தலைமுறைதோறும் நடந்தாக வேண்டும். இன்று நம் கையில் உள்ள சங்கப் பாடல் ஒவ்வொன்றும் பெயரறியாத பலர் அடுத்தடுத்துப் படியெடுத்ததால் வந்து சேர்ந்ததே. ஒரு நூல் அழிய யாரும் அதனை எரிக்க வேண்டியதில்லை; இரண்டு மூன்று தலைமுறைகள் அதனைப் படியெடுக்க விரும்பாமல் இருந்தாலே போதும். சுவடியின் மதிப்பு அதனைப் படியெடுப்பவரின் விருப்பத்தில் தங்கியிருந்தது என்னும் இவ்வுண்மையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

படித்தலும் எளிய செயலாக இருக்கவில்லை. ஓலையில் புள்ளி வைத்தால் துளைவிழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். செய்யுளைச் சீர்பிரித்தோ அடிபிரித்தோ எழுதும் வழக்கமும் இல்லை. கோடு போல ஒரே ஓட்டமாகச் செல்லும். செய்யுளை முன்பே ஓரளவு அறிந்தவனுக்கே ஏடு பேசும். யாப்பறிவும் பொருளறிவும் பாடம் கேட்ட பழக்கமும் ஒருங்கே அமையாதவன் கையில் அது வெறும் ஓலை. எனவே ஏடு என்னும் உடைமையும், ஏடு படிக்கும் திறனும், ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட பட்டறிவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்று சாயும்போது மற்ற இரண்டும் சாய்ந்தே தீரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது அதுவே.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815–1876) அந்நூற்றாண்டின் தமிழ்க் கல்விக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அவர் வாயால் பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவர். எழுதும் கைதான் சில சமயம் பின்தங்குமே அன்றிச் சொல்லும் வாய் தயங்காது. தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் கலம்பகங்களும் அவரிடமிருந்து ஊற்றெடுத்தன. ஓர் ஊரார் தம் ஊர்க்கோயிலுக்குப் புராணம் வேண்டுமென்று அவரை நாடுவர். அரங்கேற்றம் மாதக்கணக்கில் நடக்கும். முடிவில் பொருளும் ஆடையும் வழங்குவர். மாணவர்களிடம் பொருள் பெறாமல் உணவளித்துக் கற்பித்த அப்பெருமகனார் கடனோடுதான் மறைந்தார் என்பதை, பின்னாளில் இரு பாகங்களாக (1933, 1934) அவர் வரலாற்றை எழுதிய உ. வே. சாமிநாதையர் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். பொருள்வளம் இல்லாத இடத்திலும் அத்திறனுக்கு மதிப்பு இருந்தது. கேட்போர் இருந்தனர், வேண்டுவோர் இருந்தனர், நன்றாகச் சொன்னால் நன்று என்று தலையசைப்போர் இருந்தனர். நம் கவிஞர்கள் ஏங்குவது பெரும்பாலும் இந்தத் தலையசைப்புக்குத்தானே!

அவரிடம் பயின்ற சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில், அங்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இளம் ஆசிரியர் தாம் பாடங்கேட்ட நூல்களை எல்லாம் அடுக்கினார். பிள்ளையவர்களிடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என அப்பட்டியல் நீண்டது. கேட்டவர் முகத்தில் வியப்பேதும் இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்பதுபோல் அவர் கேட்டதையும், பின்னர்ச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதையும் ஐயர் 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதிய தன்வரலாற்றில் மிக விரிவாகக் கூறியுள்ளார்.

இந்நிகழ்ச்சியை நாம் வழக்கமாக ஒரு விடியலாகவே சொல்கிறோம். வகுப்பறையில் நானும் அவ்வாறே பல்லாண்டு சொல்லி வந்தேன். சங்க நூல்களும் காப்பியங்களும் அச்சேறியதற்கு அச்சந்திப்பு வித்தாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் மற்றொரு நிகழ்ச்சியும் புதைந்திருக்கிறது. ஒரு கல்விமரபு முழுவதும், ஒரு மாமனிதரின் வாழ்நாள் திறன் முழுவதும், ஒரு பிற்பகல் உரையாடலில் விலை இறங்கியது. பிள்ளையவர்களின் தலபுராணங்கள் இருபதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றையேனும் முழுமையாகப் படித்தவர் நம் வட்டத்தில் எத்தனை பேர்? நான் ஒன்றைப் படித்தேன், அதுவும் தேர்வுக்காக. நூல் மாறவில்லை, சொல்நயம் குறையவில்லை. பழமையே பெருமை என்னும் புதிய அளவுகோல் வந்தது. ஆங்கிலம் கற்றவர்கள் தம் மொழிக்கும் தொன்மை உண்டென நிறுவ வேண்டிய தேவை வந்தது. அளவுகோல் மாறியபோது நேற்றைய பொன் இன்று பித்தளையாகத் தோன்றியது.

இதே காலத்தில் இன்னொரு வியப்பும் நிகழ்ந்தது. சிந்தாமணி மறைந்துகிடந்த நூல் என்பது ஓரளவே உண்மை. அதன் நாமகள் இலம்பகத்தைப் பவர் பாதிரியார் 1868இலேயே அச்சிட்டிருந்தார். அதைவிட முக்கியமானது, பொருள் விளங்காது திகைத்த சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர் தெருவுக்குச் சென்றபோது கண்டது. அங்கே சிந்தாமணி பாராயண நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. அதனைப் படித்து நிறைவு செய்வதை அவர்கள் விழாவாகக் கொண்டாடினர். தமிழ்ப் புலவர் எவருக்கும் விளங்காத சமயச் சொற்கள் அங்கிருந்த சந்திரநாத செட்டியார்க்கு எளிதில் விளங்கின. கல்லூரி ஆசிரியர் அவரிடம் மாணவராக அமர்ந்து கேட்டார். ஒரு தெருவில் அன்றாட வழிபாடு, அடுத்த தெருவில் கிடைத்தற்கரிய புதையல்! நூல் ஒன்றே, நிற்கும் இடம்தான் வேறு. அச்செல்லாம் முடிந்து 1887இல் சிந்தாமணி வெளிவந்தபோது அதன் முகப்பில் நாம் காணும் பெயர் ஒன்றுதான். அப்பெயருக்குப் பின்னே அத்தெருவின் பட்டறிவு நிற்கிறது. அதனை ஐயர் நன்றியோடு எழுதிவைத்தார் என்பது அவருடைய பெருமை.

ஏடு அரும்பொருளானவுடன் அதற்குப் போட்டியும் எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தவர். எடுக்கும்போதே நொறுங்கும் ஏடுகளின் நிலை கண்டு தம் பதிப்புரையில் கலங்கியவர். அவரும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பி, ஐயரிடமிருந்த படியைக் கேட்டார். ஐயர் கொடுக்கவில்லை. இருவரும் தமிழுக்காகவே வாழ்ந்தவர்கள். இருவரும் ஒன்றையே விரும்பினர். இதில் எவரையும் குறைகூற எனக்கு மனமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பரணில் கேட்பாரற்றுக் கிடந்த ஓலை, இரு பேரறிஞர்களிடையே மனத்தாங்கலுக்கு இடமாகும் அளவுக்கு உயர்ந்துவிட்டது என்பதை மட்டுமே சுட்டுகிறேன்.

அதே தலைமுறையில்தான் கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சியும் நடந்தது. அங்குள்ள கோயிலில் பழைய ஏடுகள் மிகுதியாக உண்டெனக் கேள்வியுற்று ஐயர் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகம முறைப்படி ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விட்ட குடும்பங்களைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். அறியாமை என்று சொல்லி நாம் கடந்துபோகிறோம். ஆயினும் ஓமத்தில் இட்டவர்கள் அதனைக் குப்பையாக எண்ணவில்லை; குப்பையை நெய்யில் தோய்ப்பார் எவருமில்லை. இறந்த தந்தைக்குச் செய்யும் கடனை ஓலைக்கும் செய்தனர். படிக்கும் திறன் போனபின் எஞ்சிய மதிப்பு வழிபாடாக மட்டும் நின்றது. என் பாட்டியின் குங்குமமும் அந்த ஓம நெய்யும் ஒரே மரபைச் சேர்ந்தவை.

பணத்தால் மதிப்பிட்ட கதையும் உண்டு. நில அளவைத் தலைவராக இருந்த காலின் மெக்கன்சி 1821இல் இறந்தபோது, அவர் தென்னாடெங்கும் ஆள் வைத்துத் திரட்டிய சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் அவர் மனைவியிடமிருந்து கும்பினி அரசு ஓர் இலட்ச ரூபாய்க்கு வாங்கியது. அத்திரட்டின் பெரும்பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் அடித்தளமாக உள்ளது. ஓலையைக் கொடுத்த ஊர்க் கணக்கர்க்கும் குருக்கள்மார்க்கும் என்ன கிடைத்தது என்று தேடினால் வரலாறு வாய் திறப்பதில்லை.

1835இல் இந்தியரும் தடையின்றி அச்சகம் வைக்கலாம் என்ற நிலை வந்தபின், அச்சு நூல் பெருகப் பெருக, எழுத்தாணி பிடித்த கைகளுக்கு வேலை குறைந்தது. மனப்பாடத்தின் நிலையும் அதுவே. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருசேர நினைவைச் செலுத்தி அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். அவ்வவையினரின் கைதட்டலில் ஒரு பிரிவுபசாரமும் கலந்திருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. நினைவே நூலகமாக இருந்த காலத்தில் அவதானம் கல்வியின் முடி. நூல் கையில் கிடைக்கும் காலத்தில் அது காட்சிக்குரிய அருஞ்செயல்.

இனி என் கதைக்கு வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் சுவடிப் பயிற்சி பெற்றேன். கையில் புதிய திறன் வந்தவுடன் முதலில் நினைவுக்கு வந்தது பாட்டியின் பரண்தான். பாட்டி அப்போது இல்லை. ஊருக்குச் சென்று, நடுங்கும் கைகளால் கட்டை அவிழ்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இழந்த சங்க நூல் ஒன்றையோ, வளையாபதியின் எஞ்சிய பகுதியையோ என் மனம் எதிர்பார்த்தது. நெல் குத்தகைக் கணக்கும், மாட்டு நோய்க்கான சில குறிப்புகளும் இருந்தன. மூன்று நாளில் மேலோட்டமாகப் பார்த்து, "கணக்கு, பெரும்பான்மை" என்று சீட்டெழுதிக் கட்டிவைத்துவிட்டு வந்தேன். ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை. என் நெறியாளரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த மூன்று நாளில் நான் செய்தது இராமசுவாமி முதலியார் கேட்ட அதே கேள்வியைத்தான் என்பது பிற்பாடு உறைத்தது. தமிழில் எஞ்சியுள்ள சுவடிகளில் மருத்துவம், சோதிடம், மாந்திரிகம், கணக்கு ஆகியவை மிகப் பெரும் பங்கு. இலக்கியம் சிறு பங்கே. இலக்கியம் கற்ற நாம் அந்தச் சிறு பங்கையே சுவடி என்றும் மற்றவற்றை இடைஞ்சல் என்றும் கருதப் பழகிவிட்டோம். ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பை 1997இல் யுனெசுகோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இந்தியாவிலிருந்து அப்பதிவேட்டில் முதலில் இடம்பெற்றது அதுவே. இலக்கியப் பேராசிரியர்கள் ஒதுக்கிய ஓலைக்கு உலகம் இருக்கை தந்தது. அச்செய்தியை நான் அறிந்ததே ஆய்வு முடிந்த பிறகுதான்.

மதிப்பு வந்தபின் காக்கலாம் என்று காத்திருக்க முடியாது என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கி ஜூன் முதல் நாள் வரை நீண்ட அந்த இரவில் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கரிவலம்வந்தநல்லூரில் மூட்டியதும் தீதான். ஆனால் யாழில் தீ வைத்தவர்கள் அவ்வேடுகளின் மதிப்பை அறியாமல் வைக்கவில்லை. தமிழர் எதனை உயிராகக் கருதினர் என்பதை அறிந்தே வைத்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஊருக்குச் சென்றேன். வீடு பழுதடைந்திருந்தது, பரண் சரிந்திருந்தது. கட்டின் பாதியைக் கறையான் மண்ணாக்கிவிட்டது. எஞ்சியவற்றைத் துடைத்து வெயிலில் படாமல் பரப்பியிருந்தபோது, பக்கத்து ஊரில் மாட்டு வைத்தியம் பார்க்கும் பெரியவர் ஒருவர் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். எண்பதைக் கடந்தவர், எழுத்தறியாதவர். என்ன இருக்கிறது என்று கேட்டார். பேச்சுக்காக, கணக்குப் பகுதி என்று நான் குறித்திருந்த ஓர் ஏட்டை உரக்கப் படித்தேன்: "கோடி வேலி, அரைக்கால்..." ஊர்க்கோடியில் உள்ள நிலம், வேலிக் கணக்கு என்பது என் பாடம். ஒகரமும் ஓகாரமும் ஓலையில் ஒன்றுதானே; முன்னும் பின்னும் குத்தகைக் கணக்கு இருந்ததால் ஐயமே எழவில்லை.

பெரியவர் சிரித்தார்.

"நெலம் இல்லீங்க டீச்சரம்மா. அது கொடிவேலி. வேரு. மேல பட்டாலே கொப்புளம் போடும். அதான் அளவு சொல்லியிருக்காங்க. மேல படிங்க, எதுல கலக்கச் சொல்லுதுன்னு பாப்போம்."

என் சீட்டு எத்தனை ஏடுகளை இவ்வாறு நிலமாக்கி வைத்திருந்தது என்று எண்ணியபோது கை தளர்ந்தது. கறையான் தின்ற பாதியில் என்ன இருந்தது என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. எஞ்சியவை நாற்பத்தோர் ஏடுகள். அன்று மாலை வரை நான் படிக்கப் படிக்க அவர் திருத்தினார். எனக்கு எழுத்து தெரிந்தது, அவருக்குப் பொருள் தெரிந்தது. இரண்டு இடங்களில் அவரும் தலையை ஆட்டி, தம் தந்தைக்குத் தெரிந்திருக்கும் என்றார். விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்தவர், மூன்றாவது ஏட்டை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.